ஓட்ஸ் அரைத்த நீராலை

பதினான்காம் நூற்றாண்டின் யுத்தங்களைப் பிரெஞ்சு மொழியில் விரிவாக எழுதிவைத்த ஃப்ருவாசார் என்ற சரித்திராசிரியர், 1327-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வட பகுதிக்குள் புகுந்து அலைந்த ஸ்காட்லாந்துக் குதிரைவீரர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அவர்களுக்குப் பின்னால் உணவு வண்டிகள் எவையும் வரவில்லை என்றும், ஒவ்வொருவனும் சேணத்தினடியில் ஒரு தட்டையான தகட்டையும் முதுகுப்புறத்தில் ஒரு பை ஓட்ஸ் மாவையும் கட்டிக்கொண்டே புறப்பட்டான் என்றும் வியந்து குறிப்பிடுகிறார். பிடித்த மாடுகளின் அரைவேக்காட்டு இறைச்சியைத் தின்று வயிறு சலித்த வேளையில், அவர்கள் அந்தத் தகட்டை நெருப்பின்மேல் வைத்து, மாவைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய அடை வார்த்து உண்டார்களாம். மழையும் மூடுபனியுமாயிருக்கும் ஒரு தேசத்தில், குதிரையின் முதுகில் கட்டிய பையில் கெடாமல் கிடக்கக்கூடிய மாவு ஒன்றை ஒரு ஜனசமூகம் எப்படிச் செய்துகொண்டது என்று கேட்டால், அதற்கான விடை அந்நாட்டு ஆற்றங்கரைகளில் பல நூற்றாண்டுகள் ஓடிய சிறிய ஆலைகளுக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

ஓட்ஸ் முதலில் மனிதன் விரும்பி விதைத்த பயிர் அன்று. மேற்கு ஆசியாவில் கோதுமையையும் பார்லியையும் பயிரிட்ட ஆதிக் குடியானவர்களின் வயல்களில் களையாக முளைத்து, அந்தத் தானியங்களோடு கலந்து வடக்கே சென்று, குளிரும் ஈரமும் மிகுந்து கோதுமை தளர்ந்துபோன பிரதேசங்களில் தான் செழித்து நின்றதனாலேயே அது பயிர் என்ற அந்தஸ்தைப் பெற்றது. புளிப்பு மிகுந்த மண்ணையும், குறுகிய கோடையையும், அறுவடைக் காலத்து மழையையும் அது பொறுத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் நிலமும் வானமும் அத்தகையவை. ஆகவே அந்நாட்டுச் சாதாரணக் குடும்பத்தின் ஆகாரம் பல தலைமுறைகளுக்கு ஓட்ஸ் கஞ்சியும் ஓட்ஸ் அடையுமாகவே இருந்தது. 1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியில் டாக்டர் ஜான்ஸன், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியத்தை ஸ்காட்லாந்தில் மனிதர் உண்கிறார்கள் என்ற பொருள்பட எழுதியதை ஸ்காட்லாந்தியர் இன்றுவரை மறக்கவில்லை. அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில், பட்டணத்தில் தங்கிப் படித்த ஏழை மாணவர்கள் ஊருக்குப் போய் ஒரு மூட்டை மாவு எடுத்துவருவதற்கென்றே ஒரு திங்கட்கிழமையை விடுமுறையாக விட்டுவைத்தார்கள் என்பதைக் கேட்கும்போது, அந்தத் தானியத்தின் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருந்தது என்பது விளங்கும்.

ஆனால் இந்த மணியை மாவாக்குவது எளிதல்ல. கோதுமை கதிரடிக்கும்போதே உமியை உதிர்த்துவிடும். ஓட்ஸோ தன் உமியை இறுகத் தழுவிக்கொண்டே களத்தை விட்டு வெளியேறும். மணியின் எடையில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் உமியாகவே இருக்கிறது. நார் மிகுந்த அந்த உமி மனிதன் வயிற்றுக்கு ஆகாது. இது முதல் சிரமம். இரண்டாவது சிரமம் கண்ணுக்குத் தெரியாதது. கோதுமையில் சுமார் 2 சதவீதமே கொழுப்பு உண்டு; ஓட்ஸில் அது 7 சதவீதம் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. அதனோடு, கொழுப்பைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் மணியின் வெளிப்படலங்களில் நிறைய இருக்கிறது. மணி முழுதாக இருக்கும்வரை நொதியும் கொழுப்பும் பெரும்பாலும் தனித்தனி அறைகளில் இருப்பதால் கெடுதல் இல்லை. பச்சையாக அதை நசுக்கி அரைத்துவிட்டாலோ இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, கொழுப்பு சிதைந்து அமிலங்களாகப் பிரிந்து, சில நாட்களுக்குள் மாவு கசந்து சிக்கு வாடை வீசத் தொடங்கிவிடும். ஓட்ஸ் ஆலையின் ஒவ்வோர் உறுப்பும் இந்த இரண்டு சிரமங்களுக்கு மனிதன் கண்டுபிடித்த பரிகாரம் என்றே நான் கருதுகிறேன். அப்படிப் பார்த்தால்தான், கோதுமை ஆலையில் காணப்படாத ஒரு கட்டடம் ஏன் இங்கே நீர்ச்சக்கரத்துக்குச் சமமான முக்கியத்துவத்துடன் நிற்கிறது என்பது புரியும்.

அந்தக் கட்டடம் உலர்த்தும் சூளை. எடின்பரோவுக்குக் கிழக்கே, கிழக்கு லோதியன் பகுதியில், டைன் என்ற சிற்றாற்றின் கரையில் ஈஸ்ட் லின்டன் கிராமத்தை அடுத்து நிற்கும் பிரஸ்டன் ஆலையைப் பார்த்தவர்களின் மனத்தில் முதலில் பதிவது, சிவந்த ஓடு வேய்ந்து கூம்பாக எழும்பி நிற்கும் அதன் சூளைக் கூரையேயாகும். அவ்விடத்தில் பதினாறாம் நூற்றாண்டு முதலே ஆலை இருந்ததாகத் தெரிகிறது. இப்போதுள்ள கட்டடங்கள் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூம்பின் உச்சியில் புகையும் நீராவியும் வெளியேற வழி விட்டிருக்கிறார்கள். உள்ளே, கீழ்த்தளத்தில் அடுப்பு. அதற்கு மேல், அடுப்பின் சூடு விரிந்து பரவுவதற்கான வெற்றிடம். அதன்மேல் துளைகள் நிறைந்த இரும்புத் தகடுகள் பாவிய தளம். இரும்புத் தகடு வருவதற்கு முன்னால் மரச்சட்டங்களின்மேல் வைக்கோலையோ மயிர்க்கம்பளத்தையோ பரப்பி உலர்த்தினார்கள்; அதனால் சூளைகள் அடிக்கடி தீக்கிரையாயின.

களத்திலிருந்து வந்த ஈரத் தானியத்தை அந்தத் தகடுகளின்மேல் நாலைந்து அங்குல உயரத்துக்குப் பரப்பி, சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண்ணையோ முன்பு புடைத்தெடுத்த உமியையோ அடுப்பில் இட்டு, மெல்லிய தீயாக எரித்துக்கொண்டே மரத்துடுப்பால் திருப்பித் திருப்பி விடுவார்கள். இந்த வேலை பல மணி நேரம் நடக்கும். முதலில் தானியத்திலிருந்து கனத்த நீராவி எழும். அறை முழுவதும் வேகவைத்த வைக்கோலின் மணம் நிற்கும். பிறகு ஆவி குறைந்து, வறுத்த கொட்டையின் மணம் மெல்ல எழும்போது ஆலைக்காரர் ஒரு பிடி மணியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். இரண்டொன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். மணி அமுங்கினால் இன்னும் ஆகவில்லை. சடக்கென்று உடைந்தால் போதும். அந்த நிலையில் தானியத்தில் எஞ்சியிருக்கும் ஈரம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். உமி காய்ந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. முதல் சிரமத்துக்குப் பாதிப் பரிகாரம் ஆயிற்று.

இரண்டாவது சிரமத்துக்கும் அதே தீயில் பரிகாரம் நடந்துவிடுகிறது என்பதுதான் விசேஷம். நொதி என்பது ஒரு புரதம். சூடு ஏறினால் அதன் உருவம் குலைந்து செயல் அற்றுப்போகும். ஆனால் வறண்ட சூட்டை அது நெடுநேரம் தாங்கும். ஈரமான சூட்டைத் தாங்காது. தானியம் ஈரமாயிருக்கும்போதே மெல்லிய தீயை மூட்டி, அதன் சொந்த ஈரமே ஆவியாகி அதை ஊடுருவிச் செல்லும்படி விட்ட ஆலைக்காரர், தாம் அறியாமலே அந்த நொதியை அவித்துக்கொண்டிருந்தார். தீயை அவசரப்பட்டு மூட்டினால் மணியின் வெளிப்புறம் கருகி உட்புறம் பச்சையாக நின்றுவிடும் என்பதை அவர் பரம்பரை அனுபவத்தால் அறிந்திருந்தார். அந்த மாவு ஏன் மாதக்கணக்கில் கசக்காமல் இருந்தது என்பதை விளக்கும் ரசாயனம் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, அதைச் செய்யும் கை மட்டும் பூரணமாக இருந்தது. ஆலை முழுவதிலும் மிக நுட்பமான அறிவு சக்கரத்தைச் செய்த தச்சனிடத்தில் இருந்ததா, சூளையைக் காத்தவனிடத்தில் இருந்ததா என்று கேட்டால், நான் சூளைக்காரனையே சொல்வேன்.

இனி நீருக்கு வருவோம். ஷெட்லந்து, ஆர்க்னி ஆகிய வடதீவுகளில், ஓடையின் குறுக்கே கட்டிய சிறு கற்குடிசைக்குள், படுக்கையாகச் சுழலும் ஒரு சிறிய சக்கரம் ஒரே அச்சின் வழியாக மேலேயுள்ள கல்லை நேராகச் சுழற்றும். பற்சக்கரங்கள் எதுவும் இல்லை. கீழே ஒரு சுற்று என்றால் மேலேயும் ஒரு சுற்றுதான். ஆர்க்னியின் டௌன்பி என்னும் ஊருக்கு அருகே அத்தகைய ஆலை ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. பெருநிலத்தில் அமைந்தவையோ, ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் விவரித்த வகையைச் சேர்ந்தவை: ஆற்றில் ஒரு கலிங்கு கட்டி நீரைத் தேக்கி, தனி வாய்க்கால் வெட்டி அதைக் கொண்டுவந்து, மதகின் வழியாக நிமிர்ந்து நிற்கும் பெரிய சக்கரத்தின்மேல் விடுவது.

அந்த நீரைச் சக்கரத்தின் எந்த இடத்தில் விடவேண்டும் என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் இருந்தது. கீழே ஓடும் நீரின் வேகம் பலகைகளில் மோதித் தள்ளுவது ஒரு முறை. மேலேயிருந்து தொட்டிகளில் விழுந்து நிறையும் நீரின் பாரம் சக்கரத்தை இழுத்து இறக்குவது மற்றொரு முறை. இரண்டும் ஒரே பலன் தருவன என்று கணித வல்லுநர் சிலர் கணக்கிட்டுக் கூறிவந்த காலத்தில், லீட்ஸ் நகரை அடுத்த ஊரினரான ஜான் ஸ்மீட்டன் ஒரு சிறு மாதிரிச் சக்கரத்தைச் செய்து, எவ்வளவு நீர், எவ்வளவு உயரம், எவ்வளவு எடை தூக்கப்பட்டது என்பவற்றை ஒவ்வொன்றாக அளந்து, 1759-இல் ராயல் சொஸைட்டியின் முன் தம் முடிவுகளை வைத்தார். மேலிருந்து நீர் பெறும் சக்கரம் நீரின் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைப் பயன்படுத்துகிறது. கீழே மோதலால் சுழலும் சக்கரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது என்று அவர் காட்டினார். காரணம் இதுவே: மோதும் நீர் சிதறுவதிலும் சுழிப்பதிலும் நுரைப்பதிலும் தன் சக்தியின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது, தொட்டியில் அமைதியாக அமர்ந்து இறங்கும் நீருக்கு அந்த நஷ்டம் இல்லை. அந்த ஆண்டே அவருக்குக் காப்லி பதக்கம் கிடைத்தது. விநாடிக்கு 100 லிட்டர் நீர் 4 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குமானால் அதன் மொத்தத் திறன் 5 குதிரைத் திறனுக்குச் சற்று மேல்; நல்ல சக்கரம் அதிலிருந்து 3 குதிரைத் திறனைக் கல்லுக்குச் சேர்க்கும். ஒரு கிராமத்தின் உணவை அரைத்தெடுக்க அந்தச் சிறிய அளவே போதுமானதாயிருந்தது.

சக்கரம் நிமிடத்துக்கு ஏழெட்டுச் சுற்று மட்டுமே சுற்றும். கல்லோ நூறு சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். இந்த வேகத்தைப் பற்சக்கரங்களின் வரிசை ஒன்று இரண்டு படிகளில் பெருக்கிக் கொடுக்கிறது. இரும்புச் சக்கரம் வந்த பிறகும், அதனோடு பொருதும் சக்கரத்துக்கு ஆப்பிள், பீச் முதலிய இறுகிய மரங்களில் பல் செய்து பொருத்தினார்கள். மரப்பல் ஓசையைக் குறைக்கும். ஏதேனும் சிக்கிக்கொண்டால் தான் முறிந்து இரும்பைக் காப்பாற்றும். முறிந்த பல்லை அன்று மாலையே செதுக்கி மாற்றிவிடலாம். பற்களின் எண்ணிக்கையில் ஓர் அழகிய கணக்கும் உண்டு. பெரிய சக்கரத்தில் 60 பல்லும் சிறியதில் 15 பல்லும் வைத்தால், சிறியதன் ஒவ்வொரு பல்லும் பெரியதன் அதே நான்கு பற்களையே ஓயாமல் சந்திக்கும். ஒன்றில் உள்ள குறை மற்றொன்றில் பள்ளமாக விழும். பெரியதில் ஒரு பல்லைக் கூட்டி 61 ஆக்கிவிட்டால், சிறிய சக்கரம் 61 முறை சுழல்வதற்குள் அதன் ஒவ்வொரு பல்லும் மற்றதன் எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும்; தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். பள்ளிக்கூடத்து மீப்பெரு பொதுக்காரணி மரத்தில் செதுக்கப்பட்டு வேலை செய்வதை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

பிரஸ்டன் ஆலைக்கு அருகில் இருந்த ஹூஸ்டன் ஆலையில் வாழ்ந்தவர் ஆண்ட்ரூ மீக்கிள். ஆலைத் தச்சரான அவர் 1786-ஐ ஒட்டி, கதிரடிக்கும் யந்திரத்தை வெற்றிகரமாகச் செய்து முடித்தார். பக்கத்துப் பண்ணையில் 1761-இல் பிறந்த ஜான் ரென்னி என்ற சிறுவன் அவருடைய பட்டறையே கதியென்று கிடந்து தொழில் கற்று, பின்னாளில் லண்டனில் நீராவியால் ஓடிய ஆல்பியன் ஆலைக்கு வார்ப்பிரும்புப் பற்சக்கரங்களை அமைத்தான். வாட்டர்லூ பாலத்தைக் கட்டிய ரென்னியும் அவனே. ஓட்ஸ் அரைத்த சிற்றாற்றின் கரையே பெரும் பொறியாளர்களின் பாடசாலையாக இருந்தது.

சூளையிலிருந்து இறங்கிய தானியம் முதலில் போவது உமி நீக்கும் கற்களுக்கு. இங்கே கற்கள் ஒன்றையொன்று நெருங்குவதில்லை. மேற்கல்லை இறக்கவும் ஏற்றவும் கீழே ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொண்டு இரு கற்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை மணியின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக ஆலைக்காரர் அமைத்துக்கொள்வார். சுமார் ஒரு டன் எடையுள்ள மேற்கல்லின் நடுக்கண் வழியாக விழும் மணிகள் சுழற்சியால் வெளிவிளிம்பை நோக்கித் தள்ளப்படுகின்றன. படுத்தபடி போகும் மணியைக் கல் தீண்டுவதில்லை. புரண்டு நிமிர்ந்து நிற்கும் கணத்தில் தலையும் காலும் இரு கற்களிலும் பட்டு, காய்ந்த உமி நெடுக்காகப் பிளந்து கழன்றுவிட, அரிசி முழுதாக வெளிவருகிறது. இடைவெளி மயிரளவு கூடினால் உமியோடே மணி வெளியேறும். மயிரளவு குறைந்தால் அரிசி நொறுங்கி, தூற்றும்போது தூசியோடு பறந்து வீணாகும். ஆகவே கல்லைச் சுற்றியுள்ள மரக்கூட்டின் வாயில் கையை ஏந்தி, விழுவதை விரல்களால் அளைந்து பார்த்துக்கொண்டே அவர் திருகை அசைப்பார். மணி பெட்டியிலிருந்து சீராக உதிரும்படி ஒரு சிறு தண்டு ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டலின் லயம் மாறினால், ஆலைக்கு வெளியே நிற்கும்போதும் அவர் திரும்பிப் பார்த்துவிடுவார்.

உமியையும் அரிசியையும் பிரிப்பதற்கு முற்காலத்தில் எதிரெதிர் வாசல்களைத் திறந்து வைத்துக் காற்றடிக்கும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். ஆண்ட்ரூ மீக்கிளின் தந்தை ஜேம்ஸ் மீக்கிள், சால்டன் பிரபுவான ஆண்ட்ரூ ஃப்ளெட்சரால் 1710-இல் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, பார்லியைத் தீட்டும் முறையோடு காற்றாடி வைத்த தூற்றும் யந்திரத்தையும் கற்றுவந்தார். வேண்டும்போது காற்றை உண்டாக்கிக்கொள்வது தெய்வச் செயலில் தலையிடுவதாகும் என்று பக்தி மிகுந்தோர் சிலர் அஞ்சினர். வால்டர் ஸ்காட் 1816-இல் வெளியிட்ட ‘ஓல்டு மார்ட்டாலிட்டி’ என்னும் நாவலில் இந்த எதிர்ப்பை ஒரு மூதாட்டியின் வாயில் வைத்திருக்கிறார். கதை நடக்கும் 1679-இல் அந்த யந்திரம் ஸ்காட்லாந்துக்கு வந்திருக்கவே இல்லை. ஆயினும் அந்த அச்சம் கற்பனையன்று.

உமி நீங்கிய அரிசி இரண்டாவது ஜோடிக் கற்களுக்குப் போகிறது. இவை நெருங்கி நிற்பவை. பல ஆலைகளில் இவற்றுக்கு, பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் பள்ளத்தாக்கில் வெட்டியெடுத்த கடினமான கல்லை வரவழைத்தார்கள். கல்லின் முகத்தில் வெட்டிய சால்கள் அரிசியைக் கத்தரிபோல நறுக்குகின்றன, நசுக்கிப் பொடியாக்குவதில்லை. சால் மழுங்கினால் மாவு சூடேறிப் பிசுபிசுக்கும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை மேற்கல்லைக் கயிறு கட்டித் தூக்கிப் புரட்டிப்போட்டு, எஃகு உளியால் நாள் முழுதும் பொளிவார்கள். வரும் மாவைச் சல்லடைகள் தரம் பிரிக்கும்: அரிசியை இரண்டு மூன்றாக மட்டும் உடைத்த நொய், அதற்கு அடுத்த குருணை, நடுத்தர ரவை, மென்மையான மாவு. கஞ்சிக்கு ஒன்று, அடைக்கு ஒன்று என்று இவற்றுக்கு உபயோகம் வேறு வேறு.

எதுவும் வீணாவதில்லை. உமியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மாவை விடாமல், அதைச் சில நாட்கள் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து வடிகட்டி, அடியில் தங்கும் வெண்மையான மண்டியைக் காய்ச்சி ‘சோவன்ஸ்’ என்ற புளித்த கஞ்சியாகக் குடித்தார்கள். நம் கிராமங்களில் புளித்த கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதன் சுவை அந்நியமாயிராது. மாவையும் அப்படியே போட்டுவைப்பதில்லை. வீட்டிலிருக்கும் பெரிய மரப்பெட்டியில் அதைக் கொட்டி, கால் கழுவிய சிறுவர்களை உள்ளே இறக்கி மிதிக்கச் சொல்வார்கள். இடுக்கில் காற்று இல்லாமல் இறுகிய மாவில் கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்வது குறையும். புழுவும் எளிதில் புகாது.

இவ்வளவு அருமையான ஆலையைக் குடியானவர் மனமாரப் போற்றினாரா என்றால், இல்லை. நிலப்பிரபுவின் நிலத்தில் உழுதவன் அந்தப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஸ்காட்லாந்தின் சட்டத்தில் ஊன்றியிருந்தது. அரைப்புக் கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு ஆலைக்கு. அதற்குமேல் ஆலை வேலையாளுக்கு ஒரு பிடி. வேறிடத்தில் அரைத்தாலும் பங்கைச் செலுத்த வேண்டும். வாய்க்காலைத் தூர்வாருவதும், கூரை வேய்வதும், புதிய கல்லை அதன் நடுக்கண்ணில் மரத்தைச் செருகி மலைப்பாதையில் மைல்கணக்கில் உருட்டிவருவதும் அவர்கள் தலையிலேயே விழுந்தன. வீட்டில் கைத்திரிகை வைத்திருந்தால் பிரபுவின் ஆட்கள் வந்து உடைத்துப்போட்டதும் உண்டு. 1799-இல் இயற்றிய ஒரு சட்டம் அந்தப் பங்கை ஆண்டுக் கட்டணமாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது; அதன் பின் அந்த நிர்ப்பந்தம் மெல்லத் தேய்ந்து மறைந்தது. ஆலைக்காரரைப் பற்றிய நாட்டுப் பழிச்சொற்களைப் படிக்கும்போது, அவை பெரும்பாலும் அந்த மனிதரை அல்ல, இந்த முறையைத்தான் சாடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் விட்டுவைத்த ஆலைகளைச் சந்தை மூடியது. அமெரிக்காவில் ஓட்ஸ் அரிசியை நீராவியில் வேகவைத்து எஃகு உருளைகளுக்கிடையே தட்டையாக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிற்று. குவேக்கர் என்னும் வணிகச் சின்னம் 1877-இல் பதிவாயிற்று. அந்த அவல் சில நிமிஷங்களில் வெந்துவிடும். கல்லில் நறுக்கிய குருணையை இரவே ஊறவைத்துக் காலையில் அரைமணி கிளற வேண்டும். பிரஸ்டன் ஆலை 1950-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்து, 1959 வரை வியாபாரத்துக்காக ஓடி நின்றது. டம்ஃப்ரீஸ் பகுதியின் நியூ ஆபி ஆலை போன்ற சிலவற்றைப் பழுதுபார்த்து, பார்க்க வருவோருக்காக இன்னும் சுழற்றிக் காட்டுகிறார்கள்.

ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார் இதய நோயின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க அரசு 1997-இல் அனுமதித்த பிறகு, இந்தத் தானியம் அதைப் பயிரிடாத தேசங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைத் தயாரிக்கும் இன்றைய தொழிற்சாலைகளில் உமி நீக்குவதற்குக் கல் இல்லை. வேகமாகச் சுழலும் தட்டு மணிகளை ஒரு வளையத்தின்மேல் வீசி மோதவைக்க, உமி கழன்றுபோகிறது. அதற்கு மணி காய்ந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பல இடங்களில் உமியை நீக்கிய பிறகே சூடேற்றுகிறார்கள். ஆனாலும் சூடேற்றாமல் எவரும் விடுவதில்லை: உயர்ந்த உருக்குக் கோபுரங்களுக்குள் அரிசி நீராவியில் நனைந்தபடி மெதுவாக இறங்கி, லைபேஸ் முற்றிலும் செயலற்றுவிட்டதா என்று ஆய்வுக்கூடம் பரிசோதித்துச் சொன்ன பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகிறது.